குரங்கு ஏறாத கார்

காலையில் கோலா குபு பாரு பக்கம் ஒரு சின்னக் குன்று, மதியம் கோலா சிலாங்கூர் கோட்டை. இன்றைக்கு அவ்வளவுதான் திட்டம்.

என்னோடும் நண்பன் செல்வத்தோடும் வந்த அவன் அக்கா, காட்டோர ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவர். ஏறும் முன்பே சொல்லிவிட்டார்: "காட்டுல யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்கடா. ஹோய்னு கத்துனா போதும்."

பாதி வழியில் செல்வத்தைக் காணவில்லை. பழக்க தோஷம், "செல்வம்!" என்று கத்திவிட்டேன்.

"இதோ வரேன்லா" என்று கீழே புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.

செல்வமோ மேலே, உச்சியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "கூப்பிட்ட எடத்துலயே நின்னு, 'உன்னைக் கூப்பிடல'ன்னு சொல்லிட்டு வாடா."

"வேற யாராச்சும் ஏறி வந்திருப்பாங்கக்கா" என்று சிரித்துவிட்டு, எதுவும் சொல்லாமலே நடந்தேன். இறங்கும்போது வழியில் ஒருவரும் இல்லை.

மதியம் கோலா சிலாங்கூர் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கோட்டைக் குன்றுக் குரங்குகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கார் நின்றால் போதும், கூரையில் ஏறிவிடும். இன்று குட்டியோடு ஒன்றே ஒன்று எங்கள் பானெட்டில் குதித்தது. கண்ணாடி வழியே பின் சீட்டைப் பார்த்தது. குட்டியை இறுக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டது. பிறகு எதுவும் நெருங்கவில்லை.

கடலை விற்கும் அண்ணன் கேட்டார்: "உள்ள நாய் வச்சிருக்கீங்களா தம்பி?"

நாங்கள் மூவரும் வெளியே நின்றோம். காருக்குள் எங்கள் பைகள் மட்டும்தான்.

அக்கா பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்.

நாளைக் காலை, 'உன்னைக் கூப்பிடல' என்று சொல்ல அதே காரில் திரும்பப் போகிறோம். நானும் செல்வமும் முன்னால். பின் சீட்டில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். யார் வருகிறீர்கள்?