ஜெப வரிசையில் என் மனைவி

என் மனைவியை யாரென்றே தெரியாதவன் போல நடித்து, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். தெரிந்தே செய்தேன்! எந்த மேடையிலும் இதை நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... கேளுங்கள்.

தொண்ணூறுகளில் பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு சிறிய சபைக்கு நான் போதகர். செவ்வாயன்று ஒக்கலிபுரத்தில் வீட்டுக்கூட்டம். வியாழனன்று பீன்யா தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கு, ஷிப்ட் முடிந்தபின் வேதபாடம். வெள்ளி உபவாச ஜெபம். சனிக்கு ஏதாவது வந்துவிடும். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிடுவேன். என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது மட்டும், "கர்த்தர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு, ஒரு விசுவாசியின் புதுவீட்டு ஜெபத்துக்குப் போனேன். அது விசுவாசமா, தப்பித்தலா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் மனைவி எஸ்தர் சண்டை போட்டதில்லை. "என்னங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்" என்பாள். "கூட்டம் முடிச்சிட்டு வந்துடறேம்மா" என்பேன். முடித்து வந்தால் தூக்கம் கண்ணைக் கட்டும்.

எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் ஜெபம் வேண்டுவோர் வரிசையில் வருவார்கள். ஒவ்வொருவரின் வேண்டுதலையும் காதில் வாங்கி, தலையில் கைவைத்து மைக்கில் ஜெபிப்பேன். போதகர் குடும்பத்தார் அந்த வரிசையில் நிற்கிற வழக்கமில்லை. வீட்டிலேயே ஜெபிக்க ஆள் இருக்கிறாரே!

ஒரு ஞாயிறு அந்த வரிசையில் எஸ்தர் நின்றாள்.

லேத் ஓட்டுகிற ஒருவருக்குப் பின்னால், முக்காட்டோடு, தலைகுனிந்து. அவள் முறை வந்தது. என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பாஸ்டர், எங்க வீட்டுக்காரர் எங்ககூட உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மைக்கை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்திருக்க வேண்டாமா? வெட்கமா, கோபமா, பயமா... எது என்னைப் பிடித்தது? சபையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரியின் இருதயத்தின் வாஞ்சையை நிறைவேற்றும்!"

சபையார் உரக்க "ஆமென்" என்றார்கள். அவளும் சொன்னாள். "அடுத்தவங்க வாங்க" என்றேன்.

அன்று மதியம் ஒரு விசுவாசி வீட்டில் எனக்குப் பிரியாணி. போனேன். நன்றாகவே சாப்பிட்டேன், பாவி!

போகாதிருந்தால் அந்த வீட்டார் மனம் நொந்திருப்பார்கள் அல்லவா? அவர்களும் என் மந்தைதானே? ஆனால் எஸ்தர் யார்? மந்தையில் ஒருத்தியா, என் மாம்சத்தில் பாதியா? புதுமணத் தம்பதிகளுக்கு மணிக்கணக்கில் போதிக்கிறேன். என் வீட்டுக் கணக்கு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை... நீங்களாவது சொல்லுங்களேன்!

இப்போது கூட்டங்களைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். தினமும் வீட்டில்தான் சாப்பாடு. எஸ்தர் பரிமாறிவிட்டு எதிரே உட்காருகிறாள். அந்த ஜெபம் கேட்கப்பட்டது என்றுகூட நீங்கள் சொல்லலாம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் என்னை "என்னங்க" என்று கூப்பிட்டதே இல்லை. நேற்றும் கரண்டியோடு நின்று, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா, பாஸ்டர்?"