பால் காய்ச்சியாச்சு... குடிபோயாச்சா?

போன வாரம் நீலாயில் ஓர் ஆபீசில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். ஏர்கான் நன்றாகத்தான் ஓடியது. கேள்விதான் காரணம்.

"அங்கிள், மூவ்டா... ஹேட் மூவ்டா?"

கேட்டவர் தம்பின் டவுனுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றை வாங்கிய கம்பெனியின் அதிகாரி, ஒரு மலாய்ப் பெண். என் பக்கத்தில் லெட்சுமி அக்கா. அந்த எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவியவர். இப்போது ரஹாங்கில் என் அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்.

விஷயம் இதுதான். எஸ்டேட்டை விற்ற நாளில் அங்கே குடியிருந்த குடும்பங்களுக்கு மட்டும் கம்பெனி வீடு தருகிறது. முன்பே வெளியேறியவர்களுக்குக் கிடையாது. கிடைத்தால் அக்காவுக்கு அதுதான் முதல் சொந்த வீடு.

முதல் விசாரணையில் அந்தப் பெண் மலாயில் கேட்டிருக்கிறார் — எஸ்டேட் விற்றபோது 'சுடா பிண்டா?', அதாவது வீடு மாறியாச்சா? அக்கா பளிச்சென்று "சுடா!" என்றுவிட்டார். தீர்ந்தது கதை! கம்ப்யூட்டரில் 'ஹேட் மூவ்ட்', அதாவது முன்பே போய்விட்டார் என்று ஏறிவிட்டது. வீடு இல்லை.

பேப்பரில் எழுதுகிற தம்பி வந்து பேசினால் சரியாகும் என்று என்னை இழுத்து வந்தார்.

"நான் எழுதுறது தமிழ்ப் பேப்பர்லக்கா!"

"எழுத்து எழுத்துதான் லா. வா!"

உங்களிடம் சொல்வதற்கென்ன... எனக்கும் அந்த 'ஹேட்'டுக்கும் பள்ளி நாளிலிருந்தே ஆகாது. இரண்டு காரியம் நடந்தால் முந்தி நடந்ததற்கு ஹேட் போடு என்பார் வாத்தியார். நான் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் ரயில் போய்விட்டிருந்தது. சரி, எந்த டென்ஸில் சொன்னாலும் ரயில் போனது போனதுதானே? இதை வாய்விட்டுக் கேட்டதற்கு வகுப்புக்கு வெளியே நின்றேன்.

இங்கே அப்படி விளையாட முடியாது. எது முந்தி, எது பிந்தி? அதில்தான் ஒரு வீடே இருக்கிறது.

"அக்கா, ரஹாங்குக்கு எப்ப வந்தீங்க?"

"ஆனில."

"எஸ்டேட்ட வித்தது?"

"ஆடில."

போச்சு! அப்படியானால் ஹேட் மூவ்ட் சரிதானே? எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். சும்மா ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன்.

"சாமானெல்லாம் ஆனிலயே ஏத்திட்டீங்களா?"

"சாமானா? அது ஆவணிலதான் லோரில வந்துச்சு. நாங்களும் அப்பதான் வந்தோம்."

"பின்ன ஆனில வந்தது யாரு?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பால் காய்ச்சுனோமே தம்பி! ஆடில யாராச்சும் குடி போவாங்களா? அதான் முன்னாடியே நல்ல நாள் பாத்து, சாமி படம், உப்பு, மஞ்சள் எல்லாம் கொண்டுபோய் வச்சு, பாலக் காய்ச்சிட்டு எஸ்டேட்டுக்குத் திரும்பிட்டோம்."

நம் ஜனங்கள் செய்வதுதான். ஆடிக்கு முன் பால் பொங்கிவிட்டால் குடிபோனதாகவே அர்த்தம். ஆள் எப்போது போனால் என்ன? ஆனால் இதை இங்கிலீஷில் எந்த டென்ஸில் போடுவது? சாமி ஹேட் மூவ்ட், மனிதர்கள் பிறகு மூவ்டா? எனக்குத் தலை சுற்றியது.

சுலபமாக முடிக்கப் பார்த்தேன். "ஆனில குடி போகலைன்னு சொல்லிருங்கக்கா. முடிஞ்சது."

அக்காவின் முகம் மாறியது. "அத என் வாயால சொல்ல மாட்டேன். பால் பொங்குன வீட்டப் போய் குடி போகலைன்னு சொல்றதா? மருமக அங்க மாசமா இருக்கா தம்பி. சொந்த வீடு கெடைக்கலைன்னா போகுது."

எனக்குக் கோபமே வந்தது. ஒரு வாக்கியத்துக்காக வீட்டை விடுவதா? ஆனால் அக்காவின் பயம் நிஜமாக இருந்தது. அதோடு எப்படி வாதாடுவது?

வேறு வழியில்லை. பாலில் தொடங்கி எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் என் ஓட்டை இங்கிலீஷில் கொட்டினேன். ஹேட்டை எங்கே போட்டேன், எங்கே விட்டேன்... ஆண்டவனுக்கே வெளிச்சம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். எஸ்டேட்டை விற்ற அன்று எங்கே தூங்கினீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"எஸ்டேட் லா!" என்றார் அக்கா. இதுகூடத் தெரியாதா என்கிற தொனி.

அதிகாரி ஏதோ அழித்தார், ஏதோ தட்டினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். ரஹாங் வீட்டில் ஏற்கெனவே பால் காய்ச்சியிருந்தார்கள்; விற்றபோது எஸ்டேட்டில்தான் குடியிருந்தார்கள் என்று இருந்தது. பாலுக்கு ஹேட் உண்டு. படுக்கைக்கு இல்லை.

"இங்கிலீஷ் சரியா, அங்கிள்?"

பெரிய பண்டிதன் மாதிரி தலையை ஆட்டினேன். அக்காவுக்கு வீடு உண்டு என்றார் அந்தப் பெண். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

காரில் ஏறிய பிறகும் அக்காவுக்குச் சந்தேகம்.

"பால் காய்ச்சுனத அந்தப் பொண்ணு எழுதிருச்சா?"

"எழுதிட்டாங்கக்கா."

"எஸ்டேட்ல தூங்குனத?"

"அதையும்தான்."

அக்கா சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப ரெண்டு வீடும் கோவிச்சுக்காது."