சத்துணவுக் கூடத்துப் பச்சையம்மாள்

எழுபத்தைந்தாம் வருஷம் ஆரணியில் ஒரு தொடக்கப்பள்ளி. இரண்டாம் வகுப்பில் படித்த காத்தாயிக்கு வகுப்பிலேயே வலிப்பு வந்தது. பேய் பிடித்துவிட்டதென்று பிள்ளைகள் அலறி ஓடினார்கள். மறுநாள் ஆசிரியை அவள் தாய் பச்சையம்மாளைக் கூப்பிட்டு, “மத்த புள்ளைங்க பயப்படுதுங்கம்மா. வீட்டுலயே வெச்சிக்கோங்க” என்றார். பச்சையம்மாள் மறுபேச்சுப் பேசாமல் மகளை அழைத்துவந்துவிட்டாள்.

புருஷன் இல்லாத வீடு. ரைஸ் மில்லில் நெல் அவிக்க அவள் போனதும் காத்தாயி பகலெல்லாம் தனியாக இருப்பாள். ஐந்தாவது மாதம், ஒரு மத்தியானம், வாய்க்காலில் கால் கழுவப் போன இடத்தில் வலிப்பு வந்தது. முழங்காலளவு தண்ணீர்தான். பள்ளியில் மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தபோதுதான் யாரோ பார்த்தார்கள்.

எண்பத்து மூன்றில் அதே பள்ளியில் பச்சையம்மாளுக்குச் சத்துணவு சமைக்கும் வேலை கிடைத்தது. வேண்டாமென்று சொல்ல வயிறு விடவில்லை. சோறு வாங்க வரிசையில் நிற்கும் பெண்பிள்ளைகளில் எவளாவது ஒருத்தியின் சடை ஈரமாய்ச் சொட்டுவதுபோல் தெரியும். கரண்டி அப்படியே நின்றுவிடும். “இன்னா பெரிம்மா, போடு” என்று பிள்ளைகள் தட்டை நீட்டுவார்கள்.

ஒருநாள் அந்த வரிசையிலேயே மூன்றாம் வகுப்பு அம்மணி கை கால் வெட்டி இழுக்க விழுந்தாள். ஒரு பையன் சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்கப் பார்த்தான். பச்சையம்மாள் ஓடிவந்து, அவனை விலக்கி, சிறுமியை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். “காத்தாயி, காத்தாயி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

தெளிந்ததும் அம்மணி கேட்டாள்: “யாரு பெரிம்மா காத்தாயி?”

“எம் பொண்ணு.”

“எத்தினியாவது படிக்கிறா?”

“ரெண்டாவது” என்றாள் பச்சையம்மாள்.

தலைமையாசிரியர் ஜெயச்சந்திரன் புதிதாக வந்தவர். “அவங்கம்மாகிட்ட சொல்லி நிறுத்திடலாம். ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?” என்றார்.

“நான் பொறுப்புங்க. எம் பொண்ணையும் இப்டிதாங்க அனுப்பிட்டாங்க. நானும் தலைய ஆட்டிகினு இட்டுகினு போனேன். வூட்ல வெச்சிருந்தப்பதாங்க வாய்க்கால்ல வுழுந்து செத்துப்போச்சு.”

அவர் அம்மணியின் இடத்தைச் சமையலறைக்கு எதிரே, சன்னலோரமாக மாற்றச் சொன்னார். பச்சையம்மாளே அந்தத் தாயையும் மகளையும் பஸ் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மத்தியான மாத்திரையைச் சோற்றுக்குப் பின் தன் கையால் கொடுத்தாள். வலிப்பு நிற்கவில்லை, குறைந்தது. விழுந்தால் என்ன செய்வதென்று பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

எண்பத்தாறில் அம்மணி ஐந்தாவது தேறினாள். அவள் தாய் வந்து பச்சையம்மாளின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நல்லா இருக்கட்டும்” என்றாள் பச்சையம்மாள். அவர்கள் வாசலைத் தாண்டியதும், இவள் மட்டும் எப்படிப் பிழைத்தாள் என்று ஒரு எரிச்சல் நெஞ்சுக்குள் மூண்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன்னையே அருவருத்துக்கொண்டு அண்டாவைத் தேய்த்தாள்.

அந்த ஜூன் மாதம் ஜெயச்சந்திரன், பேச்சு வராத ஒரு சிறுமியைக் கையில் பிடித்துச் சமையலறை வாசலுக்கு வந்தார். “சேத்துக்கறதா சொல்லிட்டேன். நீங்களும் கொஞ்சம் பாத்துக்கணும்.”

பச்சையம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குழந்தையின் அருகே உட்கார்ந்தாள்.