டேங்க் மூடியில் ஒரு பொட்டு

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி காரியத்தைக் கேலி செய்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான். இன்றைக்கும் விளக்கேற்றாமல் வண்டிச் சாவியைத் தொடாதவன் நான். ஆனால் இன்று காலை சங்ககிரி பங்கில் டீசல் போடும்போது, டீசல் வாடையோடு சந்தன வாசனையும் சேர்ந்து வந்தது. பின்னால் நின்ற லாரிக்குப் பூசை போட்டிருந்தார்கள். அதற்குமேல் கை சும்மா இருக்கவில்லை.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். உரம், தீவனம், வாழைத்தார் எல்லாம் ஒரு பழைய ஜீப்பில்தான் போகும், வரும். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டபிறகு, வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய அவரையும் அதில்தான் சேலம் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நேரம் தவறினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்த நாட்களில் மட்டும் ஜீப் வழியில் நிற்கும். சங்ககிரி தாண்டியதும் திணறும், குலுங்கும், அணைந்துபோகும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றும் தெரியாததுபோலக் கிளம்பும். அப்பா வீங்கிய காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்வேன். எஞ்சினைப் பற்றித் தெரிந்ததைவிட அதுதான் எனக்கு அதிகம்.

மறுநாள் மெக்கானிக்கிடம் விடுவேன். பில்டரை மாற்றினார், டீசல் பம்பைக் கழற்றி மாட்டினார். அவர் ஓட்டிப் பார்த்தால் ஒரு முனகல் இருக்காது. “ஏனுங்க, எங்கிட்ட ஒழுங்காத்தானுங்க ஓடுது. உங்களக் கண்டாத்தான் அதுக்குக் கிறுக்குப் புடிக்குது” என்றார்.

ஒருநாள் காலை மறுபடி நின்றது. அப்பா வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு கேட்டார்: “திரும்பிரலாமா சாமி? இன்னைக்கு முடியாதாட்ட இருக்குது.”

டீசல் தீர்ந்ததோ என்று டேங்க் மூடியைத் திருகினேன். ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. சாவியைத் திருப்பினேன், உடனே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மூடியைப் பார்த்தேன். உள்ளே காற்றுப் போவதற்கென்று இருக்கும் ஊசித்துளைமேல், கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு. காற்றுப் புகாமல் டீசல் எப்படி இறங்கும்? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா வைக்கும் பொட்டு அது. “வண்டி சோறு திங்கற வாய் இது” என்பார். மறுநாளைக்குள் காய்ந்து உதிர்ந்துவிடும். மெக்கானிக் கண்ணில் எப்படிப் படும்?

என் நகத்தில் இருந்த சந்தனத்தை அப்பா பார்த்துவிட்டார்.

“நாந்தான் அடச்சுப்போட்டனா?”

“ஆமாங்கப்பா.”

சிரிக்கத் தொடங்கி, மூச்சுக்குத் தவித்து, மறுபடி சிரித்தார். “வாயின்னு நெனச்சேன். மூக்கும் அங்கயேதான் வெச்சிருக்கறானா?”

அன்றைக்குப் படுக்கை கிடைத்தது. அதன்பிறகும் அவர் பொட்டை விடவில்லை. கண்ணை இடுக்கித் துளையைத் தேடி, அதிலிருந்து தள்ளி ஓரமாக வைத்தார்.

ஜீப் போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார். புது வண்டி எங்கும் நிற்பதில்லை. இருந்தாலும் சங்ககிரி தாண்டும்போது பேச்சை நிறுத்திவிட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்கத் தொடங்கிவிடுகிறேன். இதை யாரிடமாவது சொன்னால், சந்தனம் வண்டியை நிறுத்தியது என்பதோடு முடித்துவிடாதீர்கள். அவர் ஓரமாக வைத்ததையும் சேர்த்து, உள்ளபடியே சொல்லுங்கள்.