அவரை விதைப் புத்தகமும் மாடி வீட்டுப் பாப்பாவும்

கொரோனா அடங்கி, ஊர் பழையபடி நடமாடத் தொடங்கியிருந்த சமயம். திருவண்ணாமலை வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு கலெக்டர் ஆபீசில் வேலை. கணவருக்கு ஓசூரில்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த ஆயாம்மா திடீரென்று நின்றுவிட, ஒருநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கீழே வந்து நின்றாள்.

"அக்கா, ஆள் கெடைக்கற வரைக்கும் இவள பாத்துக்கறீங்களா? எனக்கு வேற வழி தெரியல."

எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி வெகுகாலம். டாக்டர், கோயில், விரதம் எல்லாம் பார்த்து ஓய்ந்திருந்தோம். வளைகாப்புக்கு அழைத்தால் ஏதாவது காரணம் சொல்லிப் போகாமல் இருந்துவிடுவேன். அழைத்தவர்களும் வற்புறுத்த மாட்டார்கள். அப்படிப்பட்ட என்னிடம் ஒருத்தி தன் குழந்தையை நீட்டியதும் கை தானாகவே போய் வாங்கிக்கொண்டது. ஆள் தேடுவதை அவளும் மறந்துவிட்டாள். நானும் நினைவூட்டவில்லை.

குழந்தையின் பையில் மாற்றுத்துணியோடு ஒரு படப் புத்தகமும் வரும். தடித்த அட்டை, மூலையெல்லாம் கடித்து வைத்திருப்பாள். முதல் பக்கத்தில் மண்ணுக்குள் ஒரே ஒரு அவரை விதை. அடுத்ததில் இரண்டு இலை. பிறகு மூன்று மழைத்துளி, நான்கு எறும்பு என்று போய், கடைசிப் பக்கத்தில் கொடியில் பத்துக் காய். பக்கத்துக்கு ஒரு வரிதான். அதை வைத்தே ஒரு மத்தியானத்தை ஓட்டிவிடுவோம். நான் விதையை விரலால் தட்டி, "டொக் டொக், உள்ள யாரு?" என்பேன். அவள் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பாள். "நான் தூங்கறேன், தண்ணி ஊத்து" என்று விதைக்காக நானே சின்னக் குரலில் சொல்வேன். மழைப் பக்கம் வந்தால் அவள் உள்ளங்கையில் என் விரல் நுனிகள் மழை பெய்ய வேண்டும். எண்ணும்போது மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குத் தாவிவிடுவாள். "நாலு எங்க போச்சு?" என்று கேட்டால் என் முந்தானையைத் தூக்கித் தேடுவாள்.

ஒருநாள் பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு, நிஜமாகவே ஓர் அவரை விதையை ஊன்றினோம். வெளியில் வைத்தால் குரங்கு விடாது என்று ஜன்னல் கம்பிக்கு உள்பக்கமாக வைத்தோம். மறுநாள் காலை வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். வெறும் மண். என் கையை இழுத்து மண்மேல் வைத்து, "பெரிம்மா, பக்கத்த திருப்பு" என்றாள்.

முதலில் சிரித்தேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எத்தனையோ வருடமாக நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒரு பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காகப் பாப்பாவின் அம்மாவுக்கு டூட்டி போட்டிருந்தார்கள். இருட்டிய பிறகு களைத்துப்போய் வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "வாடா பாப்பா, போலாம்" என்று கை நீட்டினாள். குழந்தை என் மடியில் புத்தகத்தோடு இருந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, இன்னொரு வாட்டி படி" என்றாள். என்னிடம்.

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு படியேறிப் போனாள். மாடியில் வெகுநேரம் அழுகை கேட்டது.

"பெரிம்மான்னு சொல்ல வந்து பாதிய முழுங்கியிருக்கும். நீ மனச போட்டு கொழப்பிக்காத" என்றார் என் கணவர். அன்று அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சொல் காதில் விழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெற்றவளின் முகத்தைப் பார்த்ததும்தான் பயம் வந்தது.

மறுநாள் குழந்தை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவள் அம்மா லீவு போட்டிருந்தாள். குட்டிக் கால்கள் ஓடும் சத்தம் மட்டும் மேலே கேட்கும். சமையலறையில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். மாடிப்படி வரை போவேன், திரும்பிவிடுவேன். எந்த உரிமையில் போய்க் கேட்பது?

பிறகு ஒரு சாயங்காலம் அவளே இறங்கி வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் அந்தப் புத்தகம். தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு ரொம்ப அழுதுட்டேன்க்கா. உங்க மேலதான் கோவம்னு நெனச்சேன். யோசிச்சு பாத்தா அது இல்ல" என்றாள். புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள். "இந்த புக்க நானும் படிச்சு காட்டறேன். 'இப்படி இல்ல'ன்னு தூக்கி போடறா. நீங்க எப்படி படிப்பீங்க? எனக்கு சொல்லிக் குடுங்கக்கா."

ஒரு நொடி, இதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன இருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழந்தை தூங்க, நாங்கள் இருவரும் தலையோடு தலை முட்ட அந்த அட்டைப் புத்தகத்தைப் படித்தோம். விதையைத் தட்டச் சொன்னேன். கூச்சத்தோடு தட்டினாள். "இன்னும் மெதுவா. உள்ள தூங்குதில்ல" என்றேன். மழைப் பக்கத்தில் அவள் உள்ளங்கையை விரித்து மழை பெய்து காட்டினேன். அவள் அந்தக் கையை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

"எனக்கு இதெல்லாம் தோணவே இல்லக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமா? பாப்பா கேக்க கேக்க வந்தது" என்றேன்.

மறுநாள் காலை குழந்தை பையோடு வந்துவிட்டாள். பெரிம்மா, அம்மா, வாயில் எது வந்ததோ அப்படிக் கூப்பிட்டாள். யாரும் திருத்தவில்லை.

ஒரு வருடம்கூட ஓடவில்லை, அவளுக்கு ஓசூர் பக்கமே மாற்றல் கிடைத்துவிட்டது. சாமான் ஏற்றும்போது புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீங்க வெச்சுக்கங்க" என்றாள். நான் அதைக் குழந்தையின் பையிலேயே போட்டேன். வண்டி தெரு முனை திரும்பும்வரை பாப்பா கையாட்டிக்கொண்டே போனாள். சாயங்காலம் திரும்பி வந்துவிடுவோம் என்று நினைத்திருப்பாள்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பண்டிகை நாளில் போன் வரும். என்னை அவளுக்கு ஞாபகமில்லை. அம்மா பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க, "நல்லா இருக்கீங்களா பெரிம்மா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு விளையாட ஓடிவிடுவாள். இரண்டரை வயதில் நடந்தது யாருக்குத்தான் ஞாபகமிருக்கும்? ஆனால் போனை வைத்த பிறகு அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

இந்த ஏக்கம் தீரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எனக்கு இல்லாததையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பெற்றவள் ஒருத்தி என்னிடம் வந்து உட்கார்ந்து, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். ஒரு குழந்தைக்குக் கொடுக்க என்னிடமும் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது அந்தச் சாயங்காலத்தில்தான்.