ஆறு கடலுக்குப் போன மெட்டு

சுடலைவடிவு தன் ஐம்பத்திரண்டாம் வயதில்தான் முதல் தடவையாகக் கை சும்மா இருக்க ஒரு பாட்டைக் கேட்டாள். அது 1912 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. இடம், அம்பாசமுத்திரத்தில் கீற்று வேய்ந்து போட்டிருந்த நாடகக் கொட்டகை.

அதுவரை அவள் பாட்டே அறியாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கல்லிடைக்குறிச்சிக்குத் தெற்கே, கன்னடியன் கால்வாய் பாய்கிற வயல்களில் நடவுக்குப் பாட்டெடுப்பவள் அவள்தான். கொல்லம் 1057 ஐப்பசியில், அதாவது 1881இல், பாட்டெடுக்க வேண்டியவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதால், இருபத்தொரு வயதில் அவள் வாயைத் திறந்தாள். அன்று முதல் முப்பத்தொரு வருஷம், கார், பிசானம் என்று இரண்டு நெல் போகத்திலும் ஒரு நடவுகூட அவள் குரல் இல்லாமல் நடந்ததில்லை. கொல்லம் 1071இல் அவளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து பதினெட்டே நாள் ஆகியிருந்தது; அப்போதும் வரப்பில் உட்கார்ந்து பாடிக் கொடுத்தாள்.

அவள் பாடியது ஆற்றுப் பாட்டு. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்குகிற தண்ணீர், ஊர் ஊராகப் போய்ப் புன்னைக்காயலில் கடலோடு சேருகிற கதை. மொத்தம் இருபத்தேழு ஊர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோயில், ஒரு கிண்டல், ஒரு வாழ்த்து. இவள் ஒரு அடி சொல்ல, மற்றப் பெண்கள் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு ஓர் எட்டுப் பின்னால் வைப்பார்கள். விடியற்காலை வயலில் இறங்கும்போது பாபநாசம். சேரன்மாதேவி வந்தால் கஞ்சி. சீவலப்பேரி வந்தால் வெற்றிலை போட ஒரு மூச்சு. பொழுது சாயும்போது புன்னைக்காயல். அங்கே குரல் மேலே ஏறும், எல்லாரும் சேர்ந்து குலவை போடுவார்கள், வயலும் முடிந்திருக்கும். அந்தப் பாட்டை யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதை உட்கார்ந்து கேட்டவரும் கிடையாது. எல்லாரும் பாடினார்கள், எல்லார் கையும் சேற்றில் இருந்தது.

நாடகத்துக்கு அவள் போனதே மழையால்தான். சனிக்கிழமை இரவு நடந்த நாடகம் பாதியில் மழை பிடித்து நின்றுபோயிற்று. மறுநாள் மத்தியானம் மிச்சத்தை நடத்துவதாகத் தமுக்கு அடித்தார்கள். ஆனால் தூரத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டித் திரும்பிப் போயிருந்தார்கள். தரையெல்லாம் காலியாகக் கிடந்தால் ராஜபார்ட்டுக்குப் பாட்டு வராது என்று, கொட்டகைக்காரர் வயற்காட்டுப் பெண்களைச் சும்மாவே உள்ளே விட்டார். பாலத்தைக் கடந்து பன்னிரண்டு பேர் போனார்கள். சுடலைவடிவுக்குப் பக்கத்தில் ஆறுமுகத்தாய் உட்கார்ந்தாள். இருபத்தாறு வயது, நல்ல சாரீரம், ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை தானே பாடிவிடுவாள். சுடலைவடிவுக்கு நாத்தனார் முறை. ஆகையால் மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

ராஜபார்ட் மேலப்பாளையத்து முகம்மது மைதீன். நாட்டை இழந்த ராஜா காட்டில் நின்று, காணாமற்போன பிள்ளையை நினைத்து அழுகிற கட்டம். ஆர்மோனியப் பெட்டி ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த மனிதர் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார்.

சுடலைவடிவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒற்றை மனிதன் பாடுகிறான். அறுநூறு பேர் மூச்சுவிடாமல் இருக்கிறார்கள். ஒருத்தரும் திருப்பிப் பாடவில்லை. இப்படியும் பாட்டுக்கு ஒரு மரியாதை உண்டா என்று அவள் மலைத்துப்போனாள். கீழே பார்த்தபோது தன் வலது கை மணலில் நட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் சேர்ந்து, இல்லாத நாற்றை இல்லாத சேற்றில் ஊன்றிக்கொண்டிருந்தன. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கை அடங்கிற்று, காது மட்டும் மிஞ்சியது. அப்படி அவள் எதையும் கேட்டதே இல்லை.

குரல் ஏறியது. இன்னும் ஏறியது. கூரையைத் தொட்டு அங்கேயே நின்றது. குரல் இப்படி ஏறி நிற்கிற இடம் அவளுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது புன்னைக்காயல். அவளுக்குத் தெரியாமலே நாக்கு எழும்பிற்று. குலவை போட்டாள்.

அவள் போட்டால் மற்றவர்கள் போடுவது முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம். பதினொரு பேரும் போட்டார்கள்.

கொட்டகை ஒரு விநாடி திகைத்தது. பிறகு நாற்காலிப் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "ஏளா, அவரு பிள்ளையத் தொலைச்சிட்டு அழுதாரு, நீங்க குலவையா போடுதீய? கல்யாண வீடுன்னு நினைச்சு வந்துட்டியளா?"

சிரிப்பு இடிபோல எழுந்தது. ஆறுமுகத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முகம்மது மைதீன் மட்டும் சிரிக்கவில்லை. தரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பெட்டிக்காரருக்குக் கை காட்டிவிட்டு, அதே இடத்தை மறுபடியும், முன்னைவிட நீளமாகப் பாடினார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. அவர் கோபப்படவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் ஊர் விடவில்லை. கால்வாய்க் கரையில் அவள் போனால், யாராவது ஒருவர் பொய்யாக மூக்கை உறிஞ்சி அழுவார். இன்னொருவர் குலவை போடுவார். கூட வந்த பெண்களுக்கும் அவமானம். "உன்னாலதான் மதினி ஊரு எங்களையும் பாத்துச் சிரிப்பாச் சிரிக்கி" என்றாள் ஆறுமுகத்தாய். "இன்னும் எத்தன காலத்துக்கு அந்த ஆத்தையே பாடிக்கிட்டு இருக்க? ஊரெல்லாம் நாடக மெட்டுப் பாடுது. இந்த நடவுக்கு நான் பாட்டெடுக்கேன்."

குலவை போட்ட நாளிலிருந்து சுடலைவடிவு வாய்க்குள்ளேகூட ஒன்றும் முணுமுணுக்கவில்லை. பாட்டெடுக்கும் இடம் போய்விட்டால் அவளும் நடவுக்குக் குனிகிற முப்பத்தெட்டு முதுகில் ஒரு முதுகு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அது அவளுக்குத் தெரியும்.

ஐப்பசி இருபதாம் தேதி, திருஞானசம்பந்தம் பிள்ளையின் இரண்டு கோட்டை விதை பிடிக்கிற வயலில் நடவு. வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தேழு என்று நடவை மேற்பார்த்த கொம்பையா சொல்லிவந்தது பிழை. கைப்பிள்ளையோடு வந்த சாரம்மாளை அவன் எண்ணாமல் விட்டுவிட்டான். அன்று பொழுதோடு வாய்க்கால் மடை அடைத்துவிடுவார்கள். மறுநாள் தண்ணீர் அடுத்தவர் முறை. ஆகையால் வயல் அன்றைக்கே முடிய வேண்டும். ஆறுமுகத்தாய் நடுவில் நின்றாள். சுடலைவடிவு கடைசி ஆளாக வரப்போரம் நின்றாள்.

ஆறுமுகத்தாய் ராஜாவின் பாட்டை எடுத்தாள். நன்றாகத்தான் பாடினாள். பன்னிரண்டு அடியில் பாட்டு முடிந்தது. முடிந்ததும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். நாடகத்தில் பாட்டு முடிந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். ஒருத்தி "சபாஷ்" என்றாள். இன்னொருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராஜாவின் மீசையைப் பற்றிப் பேசினாள். மறுபடி குனிந்தார்கள். மறுபடி பன்னிரண்டு அடி. மறுபடி நிமிர்ந்தார்கள். உச்சிப் பொழுதுக்குள் அந்தப் பாட்டு பத்தொன்பது தடவை முடிந்தது. ராஜா நின்ற இடத்தில் நின்று பாடிய பாட்டு அது. பின்னால் நடக்கிற கால்களுக்கு வேகம் ஒத்துவரவில்லை. நட்ட வரிசை பாம்பு போல நெளிந்தது.

கொம்பையா கஞ்சிப் பானையோடு வரப்பில் வந்து நின்றான்.

"ஏட்டி ஆறுமுகம், இப்ப எந்த ஊருட்டி?"

"ஊரு என்ன ஊரு? ராஜா காட்டுல நிக்காரு."

"காலையிலயும் காட்டுலதான நின்னாரு?"

"இன்னும் அங்கனதான் நிக்காரு."

"அவரு காட்டுலயே நின்னா நான் எப்பட்டி கஞ்சி ஊத்த? மூணுல ஒரு பங்குகூட முடியல. மடைய அடைச்சிட்டா பிள்ளைவாள் என்னையல்லா நட்டுப்புடுவாரு!"

சிரித்தார்கள். ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கொம்பையா வரப்போரம் நின்ற சுடலைவடிவிடம் வந்தான்.

"யக்கா, பழைய பாட்ட எடு. நீ எடுத்தாத்தான் இது கரைசேரும்."

அவள் காத்திருந்த வார்த்தை அதுதான். ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.

"பழைய மெட்டு வரமாட்டேங்கு தம்பி. மூணு வாரமா அந்த மனுசன் பாடுனதுதான் காதுல நிக்கி. வேற ஒண்ணும் உள்ள போகமாட்டேங்கு. அப்படியாப்பட்ட பாட்டுலே அது."

"அப்பம் என்னதான் செய்ய?"

அவள் குனிந்தாள். ஒரு முடி நாற்றை அவிழ்த்தாள். மெல்லப் பாடத் தொடங்கினாள்.

*சேரன்மாதேவித் துறையில சேலை நனைச்ச தண்ணி*
*பைய வா, பைய வா, பாதம் நோவும்.*

வார்த்தை ஆற்றுப் பாட்டு. மெட்டு ராஜா பிள்ளைக்காக அழுத மெட்டு. அவர் ஒரு மூச்சில் ஓடிய இடத்தை அவள் இரண்டு எட்டுக்கு இழுத்தாள். அவர் நிறுத்திய இடத்தில் அவள் நிறுத்தாமல் அடுத்த ஊருக்குப் போனாள். கேட்ட பெண்களுக்கு உடம்பு சிலிர்த்தது. தெரிந்த ஆறும் தெரிந்த மெட்டும்தான், இரண்டும் ஒன்றாகி யாருக்கும் தெரியாத ஒன்றாக வந்தது. திருப்பிப் பாடினார்கள். கால்கள் சேர்ந்து பின்னால் போயின. வரிசை நேராயிற்று. சேரன்மாதேவி என்று காதில் விழுந்ததுமே கொம்பையா ஒன்றும் கேட்காமல் கஞ்சியை ஊற்றினான்.

சீவலப்பேரியில் யாரும் வெற்றிலைக்கு நிற்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் வெயில் சாய்ந்தது. ஆத்தூர் தாண்டியபோது எதிர்வரப்புக்கு ஐந்து எட்டுத்தான் பாக்கி. மடைக்காரன் மண்வெட்டியோடு வந்து, அடைக்காமல், அதன்மேல் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றான்.

புன்னைக்காயல் வந்தது. மெட்டின்படி அது குரல் ஏறி நிற்க வேண்டிய இடம். கொட்டகைக் கூரையில் முகம்மது மைதீனின் குரல் நின்ற அதே இடம். சுடலைவடிவு ஏறினாள். ஏறி நின்றாள். குலவை நாக்கின் அடியில் வந்து நின்றது. கொட்டகைச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. நாக்கு எழும்பவில்லை. முப்பத்தேழு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மூச்சு தீர்ந்துகொண்டே வந்தது.

அப்போது வயலின் நடுவிலிருந்து, கட்டிப்போன கரகரத்த தொண்டையில், ஆறுமுகத்தாய் குலவை போட்டாள்.