பாதிரியார் கேட்ட படம்

பென்சிலைக் காதில் செருகி, காலால் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போகிறார் சேதுமாதவன். "நூத்தி நாப்பது... நூத்தி நாப்பத்தொண்ணு... இப்பம் பேசாதீரும்வே!" வளைகுடாவில் இந்த முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் கக்கூஸோ சமையல் கொட்டகையோ, கண்ணில் பட்டதை அவர் அளந்தாக வேண்டும். கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன், அம்பாசமுத்திரத்துக்காரர். "பொண்ணு பாக்கப் போனாலும் நீளம் அகலந்தான் கேப்பாரு" என்பான் வெல்டர் லுக்மான்.

வெள்ளிக்கிழமைதோறும் கேம்ப்புக்கு வரும் வெள்ளைக்காரப் பாதிரியார் பாளையங்கோட்டையில் பதினோரு வருஷம் இருந்தவர், தமிழ் பேசுவார். கேம்ப்பை வரைந்து தரச் சொன்னவர் அவர்தான். "எங்கள் தேசத்துச் சபையார் காண்பார்கள். தண்ணீருக்காக உங்கள் முதலாளிமாருக்கு நிருபம் எழுதுவார்கள்."

நூற்றெண்பது பேருக்கு ஒரே குழாய். போன மாதம் அந்த வரிசையில் மயங்கி விழுந்த தச்சர் சிவசங்கரன் பிறகு எழுந்திருக்கவில்லை. 'வெயில்' என்று ஒரு சொல் எழுதிக் கம்பெனி கோப்பை மூடிவிட்டது.

சேதுமாதவன் பதினைந்து நாள் உட்கார்ந்து, குழாயடி வரிசையோடு வரைந்த படத்தைக் கண்டதும் பாதிரியார் முகம் சுண்டியது. பையிலிருந்து ஒரு பழைய படத்தின் நகலை எடுத்தார். நூறு வருஷத்துக்கும் முன்பு, அமெரிக்காவில் பாசமக்வாடி என்னும் பூர்வகுடிகளின் கிராமத்தை ஒரு மிஷனரிக்காக யாரோ வரைந்தது. தண்ணீர்க்கரை, ஓடங்கள், குடிசைகள், நடுவில் கோயில்.

"இப்படிச் சாந்தமாய் வரையலாமே, தம்பி. அந்த வரிசை வேண்டாம். இரண்டு பேரீச்ச மரம்..."

சேதுமாதவன் நகலைக் கண்ணருகே பிடித்தார்.

"கோயிலுக்கு ஜன்னலெல்லாம் எண்ணி வரைஞ்சிருக்கான். மனுசனுக்கு மூஞ்சி வைக்கலியே, ஐயா. அவுகளுக்குத் தாகமே எடுக்காதோ?"

"கோபம் ஆகாது, தம்பி."

"ஆகாதா? செத்தவன்கூட ஒரே தட்டுல தின்னவன் நான். பேரீச்ச மரமாம்! குழாய்க்கும் கடைசி ஷெட்டுக்கும் நானூத்திப் பன்னெண்டு எட்டு. நடுவுல ஒரு மரம் காட்டுங்க, வரையுதேன்."

லுக்மான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணாச்சி, கலாஸ், போதும்! மேனேஜருக்குத் தெரிஞ்சா கஃபீல் விசாவ வெட்டி இன்னைக்கே ஊருக்கு ஏத்திருவான்."

பாதிரியார் நகலை வாங்கிப் பைக்குள் வைத்தார். "சரி, இப்படியே அனுப்புகிறேன். ஆனால் கீழே பெயர் வேண்டாம். உமது வேலைக்கு மோசம் வரும்."

கம்பெனிப் படங்களில் வரைந்தவன் பெயருக்கு இரண்டே எழுத்துதான் இடம். சேதுமாதவன் தாளைத் திரும்ப வாங்கி, முழங்காலில் விரித்து, பேனாவைத் திறந்தார். தன் பெயர், தகப்பனார் பெயர், ஷெட் எண், கட்டில் எண் எல்லாவற்றையும் முழுசாக எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டுத்தான் பாதிரியார் கையில் கொடுத்தார்.